கத்திரி வெயிலில் ஒரு கேமிங் பிராசசர்

எங்கள் வீட்டில் கணினி இருக்கும் அறை மாடியில் இருக்கிறது. மேலே வெறும் தளம்தான், ஏசி கிடையாது. மே மாதத்தில் மாலை ஆறு மணிக்குக்கூட அறையின் வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்காது. ஆகவே சென்ற ஆண்டு கேமிங் கணினி ஒன்றைச் சேர்த்துக் கட்ட முடிவு செய்தபோது, எந்தப் பிராசசர் வேகமானது என்பதற்கு முன்பாக, எது எத்தனை வாட் மின்சாரம் எடுக்கிறது என்றுதான் பார்க்கத் தொடங்கினேன். பிராசசர் எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதுமாக வெப்பமாகவே வெளிவருகிறது. கூலர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த வெப்பத்தை ஒழித்துவிடுவதில்லை. கேபினட்டுக்குள்ளிருந்து எடுத்து நாம் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் கொண்டுவந்து விடுகிறது.

இன்டெல் கோர் ஐ9 14900கே முழு வேகத்தில் 253 வாட் வரை எடுக்க அந்நிறுவனமே வரம்பு வைத்திருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பமும் அதனுடன் சேர்ந்தால் என் அறையில் மனிதர் இருக்க முடியாது. நான் வாங்கியது 2023 ஏப்ரலில் வெளிவந்த ஏஎம்டி ரைசன் 7 7800எக்ஸ்3டி. எட்டு கோர்கள் கொண்ட இந்தப் பிராசசர், என் கணினியில் விளையாடும் நேரத்தில் பெரும்பாலும் 50 முதல் 70 வாட்டுக்குள் நின்றுகொள்கிறது. இவ்வளவு குறைந்த மின்சாரத்தில் வேகம் கிடைப்பதற்குக் காரணம் அதன் 96 எம்பி எல்3 கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம். கேம் ஓடும்போது பிராசசருக்கு ஓயாமல் தேவைப்படும் தரவுகளில் பெரும்பகுதி இந்தக் கேஷிலேயே கிடைத்துவிடுவதால், ஒவ்வொரு முறையும் ராம் வரை போய் எடுத்து வரக் காத்திருக்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் போன்றவற்றில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும்.

ஆனால் 4கே திரையில் எல்லா அமைப்புகளையும் உச்சத்தில் வைத்து விளையாடுபவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே வேகத்துக்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டுதான். பெட்டியிலேயே கூலருடன் வரும் 65 வாட் ரைசன் 5 7600 வாங்கி, மீதிப் பணத்தை கார்டில் போடுவதே அவர்களுக்கு நல்லது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பெட்டியில் அச்சிட்டிருக்கும் டிடிபி என்ற வாட் எண்ணை அப்படியே மின்சார அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த ரைசன்கள் பொருந்தும் ஏஎம்5 சாக்கெட்டில் 65 வாட் என்று போட்டிருக்கும் பிராசசர் 88 வாட் வரையும், 105 வாட் என்று போட்டிருப்பது 142 வாட் வரையும் எடுக்க அனுமதி உண்டு.

குறைந்த வாட் எடுத்தாலும் 7800எக்ஸ்3டி சூடாகத்தான் இருக்கும் என்பது முதலில் எனக்குக் குழப்பமாக இருந்தது. கோர்கள் அமைந்திருக்கும் சில்லின் பரப்பு சுமார் 70 சதுர மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தளவுதான். போதாததற்கு அந்தச் சில்லின் மேல்தான் கூடுதல் கேஷை அடுக்கியிருக்கிறார்கள். வெப்பம் அதைக் கடந்துதான் உலோக மூடியை அடைய வேண்டியிருப்பதால், ஓரளவுக்கு மேல் கூலரைப் பெரிதாக்கிப் பயனில்லை. இதன் வெப்ப வரம்பும் 89 டிகிரிதான். 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் கேஷைக் கோர்களுக்கு அடியில் கொண்டுபோய்விட்டார்கள். வரம்பும் 95 டிகிரியாக உயர்ந்தது.

எனவே தண்ணீர்க் கூலர் வேண்டாம் என்று முடிவு செய்து, வெப்பத்தைக் கடத்தும் ஆறு ஹீட் பைப்புகளும் இரண்டு 120 மில்லிமீட்டர் ஃபேன்களும் உள்ள இரட்டைக் கோபுர ஏர் கூலரை வாங்கினேன். தண்ணீர்க் கூலரில் பம்ப் என்றாவது ஒருநாள் நிற்கும். ஏர் கூலரில் பழுதாகக்கூடியது ஃபேன் மட்டுமே, அதையும் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். 22 டிகிரி அறையில் சோதித்துப் பார்த்து 68 டிகிரி என்று ஒருவர் எழுதியிருந்தால், என் 35 டிகிரி அறையில் அது 81 ஆகும் என்று கூட்டிக்கொண்டேன். இந்தக் கணக்கை நம் ஊரில் கூலர் வாங்கும் ஒவ்வொருவரும் போட்டுப் பார்க்க வேண்டும்.

அப்படிக் கணக்குப் போட்டும், கணினி வீட்டுக்கு வந்த முதல் வாரம் வெப்பநிலை 87, 88 என்றே நின்றது. பிராசசருக்கும் கூலருக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைத்தேன், மாற்றமில்லை. பிறகு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி கேபினட்டின் முன்புறம் பிடித்தபோது புகை ஒழுங்காக உள்ளே போயிற்று. பின்புறம் கொண்டுபோய்ப் பிடித்தேன். அங்கேயும் புகை உள்ளேதான் போயிற்று. வெளியேற்ற வேண்டிய ஃபேனைக் கடையில் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். கார்டு கக்கிய சூடான காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றி கூலருக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஃபேனின் எந்தப் பக்கத்தில் மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் தெரிகின்றனவோ, அந்தப் பக்கமாகத்தான் காற்று வெளியே வரும். நான்கு திருகுகளைக் கழற்றித் திருப்பி மாட்டியதும், அதே கேமை அதே நேரத்தில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்ததில் 79 டிகிரிக்கு வந்தது.

பிறகு கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில், பிராசசருக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசரை எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 20 என்று வைத்தேன். மேலும் நான்கு டிகிரி குறைந்தது. ஒவ்வொரு சில்லும் ஒவ்வொரு அளவைத்தான் தாங்கும் என்பதால், மைனஸ் 10இல் தொடங்கிச் சில நாட்கள் ஓட்டிப் பார்த்த பிறகே இறக்க வேண்டும். இப்போது மாதம் ஒருமுறை முன்பக்க வலையைக் கழற்றித் தூசியைக் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுகிறேன். இந்தக் கத்திரியில் நான் பார்த்த அதிகபட்ச வெப்பநிலை 77.