பூட்டு திறக்கப் பழகுதல்: இடது கையின் வேலை

சாவியில்லாமல் பூட்டு திறக்கும் பழக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது கொக்கிகளை, அதாவது சாவித்துவாரத்துக்குள் விடும் நுனி வளைந்த கம்பிகளைப் பற்றித்தான். எத்தனை கொக்கி, என்ன வளைவு, என்ன உலோகம் என்று தேடிக் களைத்து, கடைசியில் தேவைக்கு நான்கு மடங்கு கருவிகள் அடங்கிய பை ஒன்றை வரவழைப்பார்கள். என்னிடமும் அப்படியொரு பை இருக்கிறது. அதிலிருந்து மேசைக்கு வந்தவை ஒரு குட்டைக் கொக்கி, ஒரு நடுத்தரக் கொக்கி, பூட்டைத் திருப்பும் திசையில் அழுத்திப் பிடிக்க ஒரு டென்ஷன் கம்பி. மற்றவை பைக்கு எடை கூட்டுகின்றன. கொக்கியைப் பிடிப்பது வலது கை என்பதால் எல்லோருடைய கவனமும் அங்கேயே போகிறது. பூட்டைத் திறப்பதோ, டென்ஷன் கம்பியின் மேல் கிடக்கும் இடது ஆள்காட்டி விரல். சில மாதப் பழக்கத்தில் எனக்குத் தேறியது இது ஒன்றுதான்.

ஒழுங்குமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் முதலில் எழுந்த கேள்வியும் அதுதான். "நல்ல வேலையில் இருந்துகொண்டு இது எதற்குடா?" என்றார் அம்மா. நெதர்லாந்தில் வளர்ந்த டூல் (TOOOL) என்ற பூட்டு திறப்போர் அமைப்பும், 1997இல் ஹாம்பர்க்கில் தொடங்கிய ஜெர்மானியக் குழுவும் இதை ஒரு விளையாட்டாகவே நடத்துகின்றன, போட்டிகள்கூட உண்டு. உலகெங்கும் இவர்களிடையே இரண்டு விதிகள் நிலவுகின்றன. உனக்குச் சொந்தமில்லாத பூட்டைத் தொடாதே. பயன்பாட்டில் இருக்கும் பூட்டைத் தொடாதே, அது உன்னுடையதே ஆனாலும். முதல் விதிக்கு விளக்கம் வேண்டியதில்லை. இரண்டாவதன் அருமை கொக்கி நுனி ஒன்று சாவித்துவாரத்துக்குள் ஒடிந்து நிற்கும்போது தெரியும். அது வாசல் கதவாக இருந்தால் அன்றிரவு எங்கே படுப்பது? ஊருக்கு ஊர் சட்டமும் மாறுகிறது. ஜப்பானில் 2003ஆம் ஆண்டுச் சட்டம், தொழில்முறைக் காரணம் இல்லாதவர் இந்தக் கருவிகளை வைத்திருப்பதையே தடை செய்கிறது. என் பை வீட்டை விட்டு வெளியே போவதில்லை.

பழகுவதற்குப் பூட்டு கிடைப்பதில் ஒரு சிரமமும் இல்லை. சாவி தொலைந்த பூட்டுகளை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்காத வீடு நம் ஊரில் உண்டா? அத்தை ஒரு டப்பா கொடுத்தார். பழைய இரும்புக் கடையில் எடைக்கு இன்னும் சில கிடைத்தன. ஆனால் இந்தக் குவியலில் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்காவில் தொடங்குகிறவர்கள் மாஸ்டர் லாக் 3 என்ற, நான்கு முளைகள் (சாவி உயர்த்தும் சிறு உலோகக் குச்சிகள்) உள்ள பூட்டில் கை பழக்குவார்கள். அங்கிருந்து வரும் பாடங்கள் எல்லாம் முளைப் பூட்டை மனத்தில் வைத்தே சொல்லப்படுகின்றன. அத்தையின் டப்பாவில் பாதிக்கு மேல் லீவர் பூட்டுகள். அவற்றுக்குள் முளையே கிடையாது. அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு மீதியில் தொடங்கினேன்.

முளைப் பூட்டின் அமைப்பு எளிது. சாவி நுழையும் உருளை ஒன்று, அது சுழலும் கூடு ஒன்று. இரண்டையும் ஊடுருவி வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு கீழ்முளை, அதன் தலையில் ஒரு மேல்முளை, அதற்கும் மேலே ஒரு ஸ்பிரிங். சாவி இல்லாதபோது மேல்முளைகள் உருளைக்கும் கூட்டுக்கும் குறுக்கே நின்று சுழற்சியைத் தடுக்கின்றன. சரியான சாவியின் பள்ளங்கள் எல்லா ஜோடிகளையும் உயர்த்தி, இரு முளைகளும் சந்திக்கும் இடத்தை உருளையின் விளிம்புக்குக் கொண்டுவருகின்றன. உடனே உருளை சுழல்கிறது. இந்தக் கருத்து பண்டை எகிப்தின் மரப்பூட்டிலேயே இருந்தது. அதைத் தட்டைச் சாவியோடு இன்றைய கச்சித உருவத்துக்குக் கொண்டுவந்து, 1861இலும் 1865இலும் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான லைனஸ் யேல் ஜூனியர்.

சாவியில்லாமல் திறக்க முடிவதற்குக் காரணம் துளை போடும் இயந்திரம். எவ்வளவு நல்ல இயந்திரமானாலும் ஐந்து துளைகளை ஒரே நேர்கோட்டில் போடுவதில்லை. மயிரிழை முன்பின் இருக்கும். உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால், எந்தத் துளை மிகவும் விலகியிருக்கிறதோ அதில் உள்ள முளை மட்டும் இறுகுகிறது. மற்றவை ஸ்பிரிங்கில் துள்ளிக்கொண்டிருக்கும். இறுகியதைக் கண்டுபிடித்து மெல்ல உயர்த்தினால் அதன் மேல்முளை விளிம்பைத் தாண்டி அங்கேயே அமர்ந்துகொள்ளும். உருளை இம்மியளவு திரும்பும். அடுத்த முளை இறுகும். கடைசி முளை வரை இதே கதைதான். இறுகும் வரிசை பூட்டுக்குப் பூட்டு வேறு. ஒன்றில் மூன்று, ஒன்று, நான்கு, இரண்டு என்றால் இன்னொன்றில் பின்னாலிருந்து முன்னால் வரும்.

டென்ஷன் கம்பியின் வேலை இப்போது விளங்கும். அழுத்தம் அதிகமானால் எல்லா முளைகளும் ஒன்றாக இறுகிவிடுகின்றன. எது முதல் என்று சொல்ல முடியாது. தவிர, இறுகிய முளையை உயர்த்த வலது கை பலம் போட, கீழ்முளையும் விளிம்பைத் தாண்டி மேலே போய்ச் சிக்குகிறது. பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அழுத்தம் குறைந்தால் அமர்ந்த முளைகள் ஒவ்வொன்றாக விழுகின்றன. தேவையான அளவு இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தொடங்குகிறவர்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. கம்பியை விரலால் பற்றாமல் விரலின் எடையை அதன்மேல் வைத்தால் போதும். சில மலிவுப் பூட்டுகளில் உருளையைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. அங்கே அந்த ஸ்பிரிங்கை வெல்லும் அளவுக்கு முதலில் அழுத்தி, அதற்கு மேல் இந்த நுண்ணிய அழுத்தத்தைச் சேர்க்க வேண்டும். புதியவர்களுக்கு அந்த வகை வேண்டாம்.

கம்பியை எங்கே செருகுவது என்பதும் முக்கியம். சாவித்துவாரத்தின் அடிப்பக்கம் செருகுவதைத்தான் முதலில் எல்லோரும் காட்டுகிறார்கள். முளை இருக்கும் மேல்விளிம்பில் தட்டையான கம்பியைச் செருகினால் கொக்கிக்கு இடம் தாராளமாகக் கிடைக்கிறது. உருளை சொல்லும் சேதியும் விரலுக்குத் தெளிவாக வருகிறது. மாறிய பிறகு நான் பழைய முறைக்குத் திரும்பவில்லை.

கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் உள்ளே தெரியும்படி செய்த பயிற்சிப் பூட்டைப் பல பைகளோடு சேர்த்து விற்கிறார்கள். அமைப்பைப் புரிந்துகொள்ள ஒருநாள் மாலைக்கு அது போதும். அதற்கு மேல் அதை வைத்துக்கொண்டிருப்பது கெடுதல் என்றே சொல்வேன். துளைகள் தளர்வாக இருப்பதால் எப்படிக் கிளறினாலும் திறக்கும். அதைவிட மோசம், கண் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. கண் பார்த்தால் விரல் கேட்பதை நிறுத்திவிடும்.

எனக்கு உண்மையில் உதவியது ஹார்டுவேர் கடையில் வாங்கிய சாதாரணக் கதவுப் பூட்டின் உருளை. அதன் பின்பக்கக் கிளிப்பைக் கழற்றி, சாவியைச் செருகிச் சற்றே திருப்பி, உருளையின் அதே விட்டத்தில் தேய்த்த மரக்குச்சியால் பின்னாலிருந்து தள்ளினால், உருளை முன்னே வரும். குச்சி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு மேல்முளைகளையும் ஸ்பிரிங்குகளையும் விழாமல் தாங்கும். குச்சி நழுவினால் ஸ்பிரிங்குகள் கட்டிலுக்கு அடியில்தான் கிடைக்கும். எல்லா முளைகளையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு ஜோடியை மட்டும் போட்டு மூடினேன். ஒரே முளை உள்ள பூட்டு தொட்டவுடன் திறக்கும், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு முளை அமரும்போது எழும் அந்தச் சிறு சொடுக்கும், உருளை அசைவது விரலில் தெரிவதும் எப்படி இருக்கும் என்பது அங்கேதான் பழகும். பிறகு இரண்டு, மூன்று. மூன்றிலிருந்து நான்குக்குப் போனபோது கதவு சாத்தியதுபோல் எல்லாம் நின்றுபோனது. நான்காவது துளையின் கீழ்முளை குட்டை, அதற்கு முந்தையது நீளம். குட்டை முளையை அதன் உயரத்துக்குத் தூக்கும்போது கொக்கியின் தண்டு நீள முளையை இடித்துத் தள்ளுகிறது. அந்த இடத்தில்தான் நடுத்தரக் கொக்கி தேவைப்பட்டது. எந்தக் கொக்கி வேண்டும் என்பதைப் பூட்டுத்தான் சொல்லும். வாங்குவதற்கு முன் கேட்கக்கூடிய கேள்வி இல்லை அது.

அடுத்து வந்தவை இடை ஒடுங்கிய மேல்முளைகள். உடுக்கையை நிறுத்தி வைத்ததுபோல நடுவில் குறுகியிருக்கும். இவற்றைப் போட்டதே நம்மை ஏமாற்றத்தான். முளையை உயர்த்தும்போது அதன் ஒடுங்கிய இடை விளிம்புக்கு வந்ததும் உருளை தாராளமாகத் திரும்புகிறது, பூட்டு திறந்துவிட்டது என்றே தோன்றும். ஆனால் அங்கேயே நின்றுவிடும். முளையின் அடிப்பட்டை இன்னும் குறுக்கே கிடக்கிறது. இந்த நிலையில் அந்த முளையைக் கொக்கியால் மேலே தள்ளினால் உருளை பின்னோக்கித் திரும்புவது இடது விரலுக்குத் தெரியும். பலரும் பயந்து அழுத்தத்தைக் கூட்டுவது இங்கேதான். செய்ய வேண்டியது நேர்மாறானது: விரலைத் தளர்த்தி உருளையைப் பின்னால் போக விட வேண்டும், ஆனால் மற்ற முளைகள் விழும் அளவுக்கு விடக்கூடாது. உருளை பின்வாங்கி, முளை சட்டென்று அமர்ந்து, மறுபடி முன்னே வரும். அந்த விட்டுப் பிடிக்கும் பக்குவம் எந்தப் படத்திலும் தெரியாது. முதன்முறை அது கைகூடியபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சாவி இருக்கிறதே, அப்புறம் என்ன?" என்றார்.

திறந்த பிறகும் ஒரு கண்ணி உண்டு. உருளையை அரைவட்டம் திருப்பினால் சில பூட்டுகளில் சாவித்துவாரத்தின் அடிப்பிளவு மேலே வந்து, மேல்முளைகள் அதற்குள் இறங்கிச் சுழற்சியைப் பூட்டிவிடும். கொக்கியின் தட்டைப் பகுதியை அந்தப் பிளவுக்குள் வைத்தபடி திருப்பினால் கடந்துவிடலாம். பழைய வீட்டுப் பூட்டுகளுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டிருப்பதும் ஒரு தொல்லை. தூசியோடு சேர்ந்து பசையாகி, எந்த முளை இறுகியது, எது ஒட்டிக்கொண்டது என்று தெரியாமல் செய்துவிடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவிக் காயவைத்துத்தான் அவற்றில் கை வைக்கிறேன்.

கருவி செய்வதிலும் ஓர் இன்பம் இருக்கிறது. காரின் வைப்பர் ரப்பருக்குள் ஓடும் மெல்லிய எஃகுப் பட்டை டென்ஷன் கம்பிக்கு அருமையான பொருள். மெக்கானிக் கடையில் தூக்கி எறிவதைக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். வளையக்கூடிய ஹாக்ஸா பிளேடைச் சாணைக்கல்லில் தேய்த்தால் கொக்கியாகும். அடிக்கடி தண்ணீரில் முக்க வேண்டும். எஃகு நீலம் பாரித்தால் அதன் உறுதி போய்விட்டது என்று பொருள். நுனியை மெல்லிய உப்புத்தாளால் மழுங்கத் தேய்க்காவிட்டால் அது முளையைச் சுரண்டும், விரலுக்கு வரும் சேதியும் கரகரப்பாக வரும்.

குடைக்கு அடியில் சாவி செய்யும் அண்ணன் ஒருவரிடம் கொக்கியைக் காட்டினேன். சிரித்துவிட்டார். "பூட்டைத் திறந்து என்ன தம்பி செய்வது? திறந்தால் ஒரு தரம், சாவி செய்தால் ஆயுசுக்கும்" என்றார். பிறகு வெட்டாத சாவி ஒன்றைப் பூட்டில் செருகி இறுக்கித் திருப்பி, மேலும் கீழும் ஆட்டி வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். இறுகிய முளை பட்ட இடங்களில் கண்ணுக்கு எட்டியும் எட்டாத புள்ளிகள். அந்த இடங்களில் மட்டும் அரத்தால் ஓர் இழுப்பு, மறுபடி செருகல், மறுபடி பார்வை. முளை தன் உயரத்துக்கு வந்ததும் அங்கே புள்ளி விழாது. டீ ஆறுவதற்குள் சாவி தயார். ஐரோப்பியப் போட்டிகளில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அண்ணன் அதைக் கேட்டு இன்னொரு முறை சிரித்தார். அவருடைய முறையிலும் எல்லாம் அதே இறுக்கத்தில்தான் நிற்கிறது. என் விரல் உணர்வதை அவருடைய கண் படிக்கிறது, அவ்வளவே.

ஒதுக்கி வைத்த லீவர் பூட்டுகளுக்கு இப்போதுதான் வந்திருக்கிறேன். இந்த வகையில் தட்டையான தகடுகள் ஒரே அச்சில் அடுக்கப்பட்டு ஸ்பிரிங்கால் அழுத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வெட்டு. தாழ்ப்பாளில் துருத்தி நிற்கும் சிறு கட்டை எல்லா வெட்டுகளிலும் ஒரே நேரத்தில் நுழைந்தால்தான் தாழ் நகரும். தகட்டைப் போதிய அளவு உயர்த்தாவிட்டாலும் திறக்காது, கூடுதலாக உயர்த்தினாலும் திறக்காது என்ற ஏற்பாட்டை 1778இல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் கொண்டுவந்தார். 1818இல் ஜெரமையா சப் ஒரு படி மேலே போனார். யாராவது கம்பி விட்டு ஒரு தகட்டை அளவுக்கு மேல் தூக்கினால், அவருடைய பூட்டு அப்படியே சிக்கிக்கொண்டு, கைவைத்த விஷயத்தை உரிமையாளருக்குக் காட்டிக் கொடுத்துவிடும். 1851ஆம் ஆண்டு லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதை 25 நிமிடத்தில் திறந்தார். சிக்க வைக்கும் அந்த ஏற்பாட்டையே அவர் துப்பாகப் பயன்படுத்திக்கொண்டார். எந்தத் தகடு எங்கே மிஞ்சியது என்பதை அது சொல்லிவிட்டது. அதே பயணத்தில், 200 கினி (பழைய ஆங்கிலேயப் பொற்காசு) பரிசு அறிவித்து லண்டன் பிக்கடிலி தெருவில் பல பத்தாண்டுகளாகக் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த, ஜோசப் பிரமா என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய பூட்டையும் திறந்தார். அதற்கு 16 நாட்களில் பரவிய 51 மணி நேரம் பிடித்தது. அவர் தாழுக்கு இடைவிடாத சீரான அழுத்தத்தைக் கருவி ஒன்றால் பூட்டி வைத்துவிட்டு வேலை செய்தார் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. இடது கையை இயந்திரமாக்கிவிட்டார்.

லீவர் பூட்டு என்றால் நமக்குத் திண்டுக்கல். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கைவேலையைப் பார்க்க மதுரையிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன். மாங்காய்ப் பூட்டு, அலமாரிப் பூட்டு, திருப்பும்போது ஒலிக்கும் மணிப் பூட்டு என்று கடைகளில் தொங்குகின்றன. கையால் அரம் போட்டுச் சேர்க்கும் பூட்டு என்பதால் ஒன்றைப் போல் இன்னொன்று இருப்பதில்லை. பழகுகிறவனுக்கு அதுவே சிரமம். ரிவெட் அடித்து மூடியிருப்பதால் பிரித்துப் பார்க்கவும் வழியில்லை. ஒரு பட்டறைக்காரரிடம் கேட்டேன்: ரிவெட்டுக்குப் பதிலாகத் திருகாணி போட்டு ஒரு பூட்டு செய்து தர முடியுமா? "அதை யார் வாங்குவார்கள்?" என்றவர், நான் வாங்குவேன் என்றதும் ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்.

அந்தப் பூட்டு இப்போது மேசை மேல் திறந்து கிடக்கிறது. ஏழு தகடுகளில் மூன்றை மட்டும் போட்டு மூடினால் திறந்துவிடுகிறேன். இதற்குத் தாழைத் தள்ளும் கம்பி ஒன்று, அதன் பக்கமாக நுழைந்து தகடுகளைத் தூக்கும் கம்பி இன்னொன்று. இரண்டும் ஒரே சிறு துவாரத்தில் போக வேண்டும். நான்காவது தகட்டைச் சேர்த்ததும் தூக்கும் கம்பி அடுத்த தகட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. வைப்பர் பட்டை இதற்கு அகலம் அதிகம். சைக்கிள் ஸ்போக்கை நுனியில் தட்டையாக அடித்துப் பார்க்கலாம் என்று பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறார். ஸ்போக் வாங்கி வைத்திருக்கிறேன்.