தொண்டைமானாற்றங்கரைக் கிணறுகள்

கிணற்றுநீரில் உப்பு அளப்பது என் வேலை. சேர்ந்த புதிதில் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுப் பக்கம்தான் அனுப்பினார்கள். இடைக்காடு, அச்சுவேலி, கரணவாய் என்று தோட்டம் தோட்டமாக மோட்டார் சைக்கிளில் திரிந்து, போத்தலில் தண்ணீர் அள்ளி, கருவியை அமிழ்த்தி, அது காட்டும் உப்பின் எண்ணைக் குறித்துக்கொள்வேன்.

ஆறு என்றாலும் அது வெட்டிய வாய்க்கால் என்பதுதான் ஊர் வழக்கு. முதலாம் குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமான், கரணவாய்ப் பக்கத்து உப்பைக் கடலுக்குக் கொண்டுபோக வெட்டுவித்தான் என்பார்கள். உப்பை வெளியே கொண்டுபோக வெட்டிய வழியாலேயே பிறகு கடலும் உள்ளே வந்தது. 1950களில் செல்வச்சந்நிதி கோயிலுக்குக் கிட்ட தடுப்பணை கட்டினார்கள். மாரியில் கதவு திறந்தால் வெள்ளம் உவரைக் கழுவிக்கொண்டு கடலுக்குப் போகும், பிறகு மூடினால் நன்னீர் உள்ளே நிற்கும். போர்க்காலத்தில் கதவுகள் பழுதாகிக் கடல்நீர் வந்தபோது கரையோரக் கிணறுகள் பட்ட பாட்டை இன்றைக்கும் சொல்கிறார்கள்.

ஒரு வைகாசியில் இடைக்காட்டில் ஒரு வெங்காயத் தோட்டக் கிணற்றை அளந்தேன். எண் மிக மோசம். 'பயிர்ச்செய்கைக்கு உதவாது' என்று எழுதப்போனேன். பாத்தி கட்டிக்கொண்டிருந்த ஐயா மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார்.

"தம்பி, மெசின் போட்டு நாலு மணித்தியாலம் ஓடினாப்பிறகு அள்ளியிருக்கிறியள். இது அடித்தண்ணி. நாளைக்கு விடிய, இறைக்க முன்னம் வாங்கோ."

போனேன். அதே கிணறு, அதே கருவி. எண் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

படித்த பாடம்தான். சுண்ணாம்புக் கல்லுக்குள் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி இருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழேயிருந்து உவர் அவ்வளவு தூரம் ஏறிவரும். பரீட்சையில் இதை எழுதிப் புள்ளி வாங்கியவன், வயலில் மறந்துவிட்டேன். அந்த ஐயா மறக்கவில்லை. துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த காலத்தில் கிணறு களைப்பதற்குள் ஆள் களைத்துவிடுவான், மெசினுக்குக் களைப்பில்லை, அதனால் நாங்கள்தான் நிற்பாட்ட வேண்டும் என்றார். ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் இரண்டு மணித்தியாலம்தான் இறைப்பாராம். அன்றைக்குப் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் தண்ணீர் கொடுத்ததால்தான் நாலு மணித்தியாலம்.

அந்தக் குறிப்பை அனுப்பியிருந்தால் அவருடைய கிணறு 'கைவிடப்பட வேண்டியவை' வரிசையில் சேர்ந்திருக்கும். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கூசும்.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக தொண்டைமானாற்றோடு இணைந்த வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவரும் திட்டத்தைப் பொறியியலாளர் ஆறுமுகம் 1950களிலேயே முன்வைத்தார். அது முழுதாக நிறைவேற வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை இந்தக் கரையைக் காப்பது மாரி மழையும், தடுப்பணைக் கதவுகளும், மெசினை நேரத்துக்கு நிற்பாட்டும் கமக்காரரும்தான்.

இப்போது என் பதிவேட்டில் ஒவ்வொரு கிணற்றுக்கும் இரண்டு எண்கள்: இறைக்க முன், இறைத்த பின். விடிய ஐந்தரைக்கெல்லாம் வல்லைவெளி தாண்டிவிடுவேன்.