ஃபோரேயின் முதல் பக்கத்தில் ஐந்து வாரம்

பாரிஸில் பெரியவர்களுக்கான மாலை ஃப்ளூட் வகுப்பில் சேர்ந்தபோது எனக்கு விரல் நன்றாக ஓடும், தொனிதான் மெலிந்திருந்தது. ஆசிரியை முதல் நாளே பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரே ஃப்ளூட்டுக்கும் பியானோவுக்குமாக எழுதிய ‘ஃபாந்தேஸி’யை எடுத்து ஸ்டாண்டில் வைத்தார். பாரிஸ் கன்செர்வத்துவார் என்ற இசைக் கல்லூரியில் தஃபனெல் ஃப்ளூட் பேராசிரியராக இருந்தபோது, அவருடைய மாணவர்களின் 1898ஆம் ஆண்டுத் தேர்வுக்காக எழுதப்பட்டது அது. ஷமினாதின் ‘கொஞ்செர்த்தினோ’வும் (1902) எனெஸ்குவின் ‘கான்டபிலே எ பிரெஸ்டோ’வும் (1904) அதே தேர்வுக்கு வந்தவைதான். மாணவனைச் சோதிக்க எழுதியவை என்பதால் எந்தச் சிக்கலும் அவற்றில் தற்செயலாக வராது.

நான் நேராக வேகமான அல்லெக்ரோவுக்குப் போனேன். அவர் பக்கத்தைத் திருப்பி மெதுவான அந்தந்தினோவுக்குக் கொண்டுவந்தார். அந்த ஒரு பக்கத்திலேயே ஐந்து வாரம் போயிற்று.

பியானோ சீராக நடந்துகொண்டே இருக்கும், நமக்காக நிற்காது. அதன் மேல் ஃப்ளூட் நீளமான வரிகளைப் பாட வேண்டும். எனக்கு வரி முடியும் முன்பே மூச்சு தீர்ந்துவிடும், கடைசிச் சுரம் சுதி இறங்கித் தொங்கும். மூச்சு வாங்கும் இடங்களில் பென்சிலால் காற்புள்ளி போட்டோம். சத்தத்தைக் குறைக்க நான் காற்றின் வேகத்தையே குறைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் தப்பு. உதட்டின் இடைவெளியைச் சின்னதாக்கி, காற்றின் வேகத்தை விடாமல் பிடிக்க வேண்டும். சொல்ல ஒரு வரிதான். உதடு அதைக் கற்றுக்கொள்ள மூன்று வாரம் ஆயிற்று.

வீட்டுப்பாடம் ஃப்ளூட் கலைஞர் மொய்ஸின் 1934ஆம் ஆண்டுத் தொனிப் பயிற்சிப் புத்தகம். ஒரு சுரம், அதற்கு அரைச்சுரம் கீழே இன்னொன்று. முதலாவதன் நிறம் இரண்டாவதிலும் மாறாமல் வர வேண்டும். தினமும் இருபது நிமிடம் இதே வேலை.

அப்புறம் இசையமைப்பாளர் தெபுஸ்ஸியின் ‘ஃபானின் பிற்பகல்’ ஆர்கெஸ்ட்ரா முன்னிசையில் (1894) வரும் முதல் வரியைக் கொடுத்தார். துணை எதுவும் இல்லாமல் ஃப்ளூட் தனியாக ஆரம்பிக்கிறது, அதுவும் சி ஷார்ப்பில். இங்கே டோ டியெஸ் என்பார்கள். அந்தச் சுரத்துக்கு வலது சுண்டுவிரல் மட்டும் ஒரு சாவியில் (துளையைத் திறக்கும் பொத்தானில்) இருக்கும், மற்ற விரல்களெல்லாம் மேலே. குழலில் பெரும்பாலான துளைகள் திறந்திருப்பதால் பிடிமானம் போய்விடும். சத்தம் வெளிறும், சுதி கூடும். காப்பாற்ற விரலால் ஒன்றும் செய்ய முடியாது, உதடும் மூச்சும்தான். அந்த வரி என் உடம்பின் எந்தத் தசை இறுகியிருக்கிறது என்று காட்டிக்கொடுத்தது. தோள் இறங்கிய அன்றைக்குத்தான் சுரமும் நின்றது.

ஆறாவது வாரம் அல்லெக்ரோ. தஃபனெலும் கோபெரும் சேர்ந்து தொகுத்த தினசரி ஸ்கேல் பயிற்சிகளோடு அதைச் சாதகம் செய்தேன். அங்கே எனக்கு அதிக வேலை இருக்கவில்லை. முன்பு ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருந்தேன். இப்போது கீழே காற்று ஒரே ஓட்டமாகப் போக, விரல்கள் அதன் மேல் நகர்ந்தன. வேகமான இடத்திலும் வரி எங்கே போகிறது என்று காதில் விழுந்தது. எனக்கு இது பெரிய சந்தோஷம்.

ஜூனில் முப்பது பேர் முன்னால் வாசித்தேன். பென்சில் காற்புள்ளிகளில் இரண்டை அதற்குள் அழித்திருந்தேன். மூன்றாவதையும் அழித்திருக்கலாம் என்றார் ஆசிரியை.