ஆய்வுத் திட்டத்தைத் தீட்டும் மேசையில் நோயாளிக்கும் ஓர் இடம்

மூட்டுகளை வீங்கி விறைக்கச் செய்யும் முடக்குவாதத்துடன் பல ஆண்டுகளாக வாழ்ந்துவரும் நான், அந்நோய்க்கான மருந்தொன்றைச் சோதிக்கவிருந்த மருத்துவக் குழுவில் நோயாளர் ஆலோசகராகச் சேர்ந்தேன். மருந்தை உட்கொள்வது என் வேலையன்று. ஆய்வு எப்படி அமைய வேண்டும் என்று கருத்துச் சொல்வதே என் பொறுப்பு. விண்ணப்பமும் நேர்காணலும் சிரமமின்றி முடிந்தன.

ஆய்வுக்கு ஒப்புதல் வழங்கும் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் முன்பே ஆய்வுத் திட்டத்தின் வரைவை எங்களிடம் கொடுத்தார்கள். என் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். ஒப்புதல் கிடைத்தபின் சிறு மாற்றத்துக்கும் திருத்தம் சமர்ப்பித்துக் காத்திருக்க வேண்டும் என்பதால், அந்தக் கட்டத்தில் கேட்கப்படும் கருத்து பெரும்பாலும் சடங்காகவே முடிந்துவிடும்.

வரைவின்படி எல்லாப் பரிசோதனைகளும் காலை 8 மணிக்கு நடக்க வேண்டும். எங்களில் பலருக்கு விரல்கள் விறைத்து, சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாத நேரம் அது. அவரவருக்கு வசதியான நேரத்தில் வரலாமே என்று கேட்டேன். பிடிவலிமையும் விறைப்பும் நாளின் போக்கில் மாறுவதால், ஒருவரை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அளந்தால்தான் ஒப்பிட முடியும் என்று ஆய்வு மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இறுதியில் எல்லோருக்கும் முற்பகல் 11 மணி என்று முடிவாயிற்று. அழுத்தித் திருக வேண்டிய மூடியுள்ள மருந்துக் குப்பியை மேசைமேல் வைத்து, என்னால் அதைத் திறக்க முடியவில்லை என்று காட்டியபோது, அதையும் மாற்ற ஒப்புக்கொண்டார்கள்.

நான் விடாமல் வற்புறுத்தியது களைப்பைப் பற்றி. வீங்கிய மூட்டுகளையும் இரத்தத்திலுள்ள அழற்சிக் குறியீடுகளையும் அளக்கத் திட்டமிட்டிருந்தவர்கள், எங்களைப் படுக்கையோடு கட்டிப்போடும் களைப்பைச் சேர்த்திருக்கவில்லை. வாதநோய் ஆய்வுகளில் எவற்றை அளக்க வேண்டும் என்று பரிந்துரைக்கும் ஒமெராக்ட் என்னும் பன்னாட்டு அமைப்பின் 2002ஆம் ஆண்டு மாநாட்டில் நோயாளிகள் பங்கேற்று இதையே எடுத்துரைத்தார்கள். அதன் தொடர்ச்சியாகவே முடக்குவாத ஆய்வுகளில் களைப்பையும் அளக்க வேண்டும் என்ற பரிந்துரை உருவானது. அதைச் சுட்டிக்காட்டியபின் களைப்புக்கான வினாத்தாள் ஒன்று திட்டத்தில் இடம்பெற்றது.

ஒப்பிடுவதற்காகச் சிலருக்கு மருந்துச்சத்து இல்லாத மருந்துப்போலி தரப்படும் காலத்தைக் குறைக்குமாறு நான் கேட்டது மட்டும் ஏற்கப்படவில்லை. அதைவிடக் குறைந்த காலத்தில் மருந்தின் பலனைப் பிரித்தறிய இயலாது என்று புள்ளியியலாளர் காரணம் கூறினார். ஆனால் நோய் முற்றினால் எப்போது மாற்றுச் சிகிச்சை தொடங்கும், யாரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்ற விவரங்கள் பங்கேற்பாளர்கள் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தின் முதல் பக்கத்துக்கு வந்தன.