பட்டியலில் பெயர் இருக்கிறது

“மாநிலத்துல எங்களை எம்.பி.சி., மிகப் பிற்படுத்தப்பட்டவங்கன்னு தனியா வச்சிருக்கீங்க. டெல்லியில மட்டும் ஏன் சார் எல்லாரோடயும் சேர்த்துப் போட்டுட்டாங்க?” மகளின் தேர்வுக்காக மத்திய அரசின் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் கேட்டு வந்த சலவைத் தொழிலாளி ஒருவர் வட்டாட்சியர் அலுவலகத்தில் என்னிடம் இப்படிக் கேட்டார். “பட்டியல்ல பேர் இருக்கே, அதுவே பெரிசுங்க” என்று சொல்லிவிட்டு, ஆவணங்களைச் சரிபார்த்துக் கையொப்பத்துக்கு அனுப்பினேன்.

நான் சொன்னது பொய்யில்லை. பின்தங்கிய வகுப்பினரைக் கண்டறிய 1979இல் மொரார்ஜி தேசாய் அரசு அமைத்த மண்டல் ஆணையம் நாடெங்கும் சென்று விசாரித்தது. உடலுழைப்பை நம்பிய பிழைப்பு, இளவயதுத் திருமணம், பள்ளிக்கே போகாத பிள்ளைகள், அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் குடிநீர் என 11 அளவுகோல்களை வைத்து, 22 மதிப்பெண்ணில் பாதியைத் தொட்ட சாதிகளைப் பின்தங்கியவை என்று வகுத்தது. 1980 இறுதியில் தந்த அறிக்கை பத்தாண்டு காலம் கிடப்பில் கிடந்தாலும், 1990இல் பிரதமர் வி.பி. சிங் அதைக் கையிலெடுத்து, 1992இல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுப் பணிகளில் அவர்களுக்கான 27 விழுக்காடு இடஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்ட பிறகு, எந்த அரசாலும் அதைத் தள்ளிவைக்க முடியவில்லை. அந்த விசாரணை நடந்திராவிட்டால் அவர் மகளுக்கு விண்ணப்பத்தில் நிரப்ப அந்தக் கட்டமே இருந்திராது.

ஆனால் அவர் கேட்டது அதுவல்ல. நிலமும் செல்வாக்கும் உள்ள சாதிகளோடு கைத்தொழில் சாதிகளை ஒரே வரிசையில் நிறுத்தக் கூடாது, இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று ஆணையத்தின் உறுப்பினர் எல்.ஆர். நாயக் அப்போதே மாறுபட்டு எழுதினார். தமிழ்நாடு 1989இல் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காட்டைத் தனியே ஒதுக்கியது. மத்தியப் பட்டியலைப் பிரிப்பது பற்றி ஆராய 2017இல் அமைக்கப்பட்ட ரோகிணி ஆணையம் 2023இல்தான் அறிக்கை அளித்தது. 27 விழுக்காடு இன்னும் பிரிக்கப்படவில்லை.

வரிசையில் அத்தனை பேர் காத்திருக்கும்போது இதையெல்லாம் விளக்குவது என் வேலையில்லை என்றும், குறித்த நாளுக்குள் சான்றிதழ் அவர் கைக்குப் போனதே போதும் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆயினும் மனம் ஒப்பவில்லை. அவர் விளக்கம் கேட்கவில்லை, சாட்சி சொன்னார். ஆணையம் ஊருக்கு வந்திருந்த காலத்தில் கேட்டிருந்தால் எழுத்தில் ஏறியிருக்கக்கூடிய சொல் அது. எங்கள் படிவத்தில் வருமானத்துக்கும் நிலத்துக்கும் பெற்றோரின் பதவிக்கும் இடமுண்டு, அந்தச் சொல்லுக்கு இல்லை.

நாயக்கின் குறிப்பைப் பற்றியாவது அவரிடம் சொல்லியிருக்கலாமோ என்று நினைப்பேன். தன் கேள்வியை நாற்பதாண்டுக்கு முன்பே ஒருவர் எழுதிவைத்தார் என்பது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்குமா, எழுதியும் நடக்கவில்லையே என்று கூடுதல் வலியாகியிருக்குமா என்பதில் நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.