டெபாசிட் போடாமல் வாங்கிய குழுக் கடன்

நேற்று எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கில் வங்கிக் கடன் 3 லட்ச ரூபாய் ஏறிவிட்டது. நான்கு மாதம், வங்கிக்கு ஐந்து நடை. பன்னிரண்டு பேர் இருக்கும் குழுவுக்கு நான்தான் ஊக்குநர், அதாவது குழுவை நடத்திச் செல்பவர்; ஊர் பென்னாகரம் பக்கம். 1989-இல் தமிழ்நாட்டின் மகளிர் குழுக்கள் தொடங்கியதே எங்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான். இங்கேயே இந்தப் பாடு.

குழு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் தரமதிப்பீடும், குழுக்கள் சேர்ந்த கூட்டமைப்பின் பரிந்துரையும் ஒரே வாரத்தில் முடிந்தன. கூட்டம், சேமிப்பு, குழுவுக்குள் கொடுக்கும் உள்கடன், தவணை, கணக்குப் புத்தகம் ஐந்தும் சரியாக இருந்தால் அதுவரை தொந்தரவே இல்லை.

வங்கியில்தான் மாட்டிக்கொண்டோம். கடன் வாங்கக் குழு போட்ட தீர்மானத்தின் நகலில் பதினொரு கையெழுத்துதான் இருக்கிறது என்று முதல் நாளே திருப்பி அனுப்பினார்கள். மிச்சம் ஒருவர் பெங்களூருவில் கட்டட வேலையில் இருந்தார். அவர் வந்து கையெழுத்துப் போட்டு மறுபடி போனால், இன்னொரு அக்காவுக்கு ஆதாரில் இருக்கும் பெயருக்கும் பாஸ்புக்கில் இருக்கும் பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். டவுன் பஸ்ஸில் எங்களுக்கு டிக்கெட் கிடையாது, சரி. ஆனால் ஒவ்வொரு நடைக்கும் போகிறவர்களின் அன்றைய கூலி போகிறது.

மூன்றாவது நடையில்தான் எனக்கு வயிறு எரிந்தது. "50,000 ரூபாயை டெபாசிட்டாகப் போட்டு வைங்கம்மா, கடன் முடிந்ததும் எடுத்துக்கலாம்" என்றார் கடன் பிரிவு அதிகாரி. கையில் வருவது இரண்டரை லட்சம், வட்டி மட்டும் மூன்று லட்சத்துக்கு! "போகட்டும், வாங்கிக்கலாம்" என்று குழுவில் இரண்டு பேர் சொன்னார்கள். அலைந்த அலுப்பு அவர்களுக்கு. எனக்கு மனசு ஒப்பவில்லை.

அன்று மாலை மகளிர் குழுக்களைப் பார்த்துக்கொள்ளும் வட்டார ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையை அவர் போனிலேயே எடுத்துக் காட்டினார். மகளிர் குழுக்களின் 10 லட்சம் வரையிலான கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது, டெபாசிட் போடச் சொல்லக் கூடாது, குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கி வைக்கவும் கூடாது. எல்லாம் தெளிவாக இருந்தது. அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நான்காவது முறை போனோம்.

"சார், டெபாசிட் வேணும்னா அதை எழுத்தில் கொடுங்க" என்று கேட்டேன். கை நடுங்கியது. அவர் காகிதத்தைப் படித்துவிட்டு மேலாளர் அறைக்குள் போனார். இருபது நிமிடம் ஒருவரோடு ஒருவர் பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வெளியே வந்து, "டெபாசிட் வேண்டாம், வெள்ளிக்கிழமை எல்லாரும் கையெழுத்துப் போட வாங்க" என்றார். பின்னால் நின்ற எங்கள் பிரதிநிதி என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

விண்ணப்பிக்கப் போகிறவர்கள் தீர்மானம் எழுதும் அன்றே எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஆதார், பாஸ்புக் பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். கடன் அனுமதிக் கடிதத்தில் வட்டியையும் பாருங்கள். 3 லட்சம் வரை 7 சதவீதம்தான். வாய்வார்த்தையாக எது கேட்டாலும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நாளைக் கூட்டத்தில் பணத்தைப் பிரிக்கிறோம். இரண்டு பேர் கறவை மாடு பார்த்து வைத்திருக்கிறார்கள். ஆனாலும் முதல் பங்கு, வாராவாரம் ஃபைனான்ஸ்காரர் யார் வீட்டு வாசலில் வந்து உட்காருகிறாரோ, அந்த அக்காவுக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டோம்.