உப்புக் காற்றும் ஒடிந்த போல்ட்டும்

மண்டபம், ராமேசுவரம் பக்கம் பட்டறை வைத்திருப்பவனுக்குத் துருதான் பாதிச் சோறு போடுகிறது. ஒரு பக்கம் பாக் நீரிணை, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் உப்புதான். 2017-இல் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வரும் முன்பு மணலில் போய்வந்த வேன்களின் அடிப்பாகத்தைப் பார்த்திருந்தால் இது புரியும். இப்போது சொந்தக் கார்களே முனை வரை போகின்றன.

மாருதி, ஹூண்டாய் கார்களில் சக்கரம் உட்காரும் நடு இரும்பான ஹப்பிலிருந்து ஸ்டட், அதாவது தலையில்லாத மரைக் கம்பி, நீட்டிக்கொண்டிருக்கும், சக்கரத்தை மாட்டி அதில் நட்டைப் போட்டு முறுக்குகிறோம். ஸ்டட் ஒடிந்தால் தட்டி வெளியே எடுத்துவிட்டு வேறு போடலாம். ஃபோக்ஸ்வேகன் போலோ மாதிரி வண்டிகளில் போல்ட்டே ஹப்பின் மரைக்குள் போகிறது. ஒடிந்தால் பாதி உள்ளே மாட்டிக்கொள்ளும்.

அப்படி ஒரு போலோதான் வந்தது. யாரோ காற்றழுத்தத்தில் முறுக்கும் ஏர் கன்னை வைத்து ஓங்கி இறுக்கியிருக்கிறார்கள். அந்த போல்ட்டுக்கு 120 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதும்; கன் எங்கே நிற்கும்? மேலே துருவும் சேர்ந்துகொண்டது. வழியில் பஞ்சர். டிரைவர் ஸ்பேனரில் பைப்பைச் சொருகி ஏறி மிதிக்க, தலை கையோடு வந்துவிட்டது. மிச்சம் நான்கு போல்ட்டில் ஸ்டெப்னியை மாட்டி உருட்டிக்கொண்டே வந்தார். "அண்ணே, ராத்திரிக்குள்ள மதுரை போய்ச் சேரணும்."

வீலையும் டிஸ்க்கையும் கழற்றினால் போல்ட் ஹப் மட்டத்தோடு ஒடிந்திருந்தது. கவ்விப் பிடிக்கும் வைஸ் கிரிப்புக்குப் பிடி இல்லை. "துளை போட்டு ஈஸி அவுட் விடட்டுமாண்ணே?" என்றான் பட்டறைத் தம்பி. ஒடிந்த போல்ட்டின் துளையில் விட்டுத் திருகி எடுக்கும் கருவிதான் ஈஸி அவுட். எனக்கு அதன் மேல் நம்பிக்கையே கிடையாது. போல்ட்டும் கெட்டி, ஈஸி அவுட் அதைவிடக் கெட்டி. அது உள்ளே ஒடிந்தால் துளையே போட முடியாது, அப்புறம் ஹப்பையே மாற்ற வேண்டும்.

வெல்டிங்தான் சரி. பேட்டரியைக் கழற்றி, எர்த் கிளாம்பை ஹப்பிலேயே மாட்டினோம். பாடியில் மாட்டினால் கரண்ட் வீல் பேரிங் வழியாகப் பாய்ந்து உருளைகளைக் கொத்திவிடும். பிரேக் ஹோஸ் மேல் ஈரச்சாக்கு. ஒடிந்த முனையில் ஒரு நட்டை வைத்து, அதன் ஓட்டைக்குள்ளேயே ராடை விட்டு நிரப்பினேன். செக்கச்செவேலென்று ஆனது. சிவப்பு அடங்கும்வரை யாரையும் தொட விடவில்லை. அடங்கியதும் மரை விளிம்பில் மெழுகுவத்தியை வைத்தால், மெழுகு உருகிச் சுருக்கென்று உள்ளே இழுபடும், புகை மூக்கில் ஏறும். பிறகு ஸ்பேனரைக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே. முதலில் 'கிறீச்'. அந்தச் சத்தம் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அவசரப்பட்டு ஒரே பக்கமாக நெம்பினால் நட்டு பிய்ந்து வரும்.

வெளியே வந்ததும் மரை வெட்டும் டேப்பை விட்டு மரையைச் சுத்தம் செய்து, புது போல்ட்டைக் கையாலேயே கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன். முறுக்கின் அளவு காட்டும் டார்க் ரென்ச்சில் எதிரெதிராக முறுக்கினோம். "பரமக்குடில நிறுத்தி ஒருக்கா இறுக்கம் பாத்துக்கங்க தம்பி."

"போல்ட்டுல கிரீஸ் அப்பிவிட்டா இனிமே பிடிக்காதுல்லண்ணே?" என்றார் டிரைவர். இங்கே பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். வேண்டாம் என்றேன். கிரீஸ் வழுக்குவதால் அதே அளவுக்கு முறுக்கினாலும் போல்ட் அதிகமாக இழுபட்டுவிடும். வீல் உட்காரும் ஹப் நடுவளையத்தை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, அங்கே மட்டும் லேசாகத் தடவி அனுப்பினேன்.